சாம்பல் தண்ணீர் ஊற்றிய கத்திரி வெளுக்கிறது, உதவுங்கள்

வடகரப்பதி விவசாயி: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம் எனக்குக் கரிசல் நிலம். வீட்டு அடுப்பில் எரிவது தென்னஞ்சோகையும் உரித்த மட்டையும்தான். சாம்பல் நிறையச் சேர்கிறது. மண்ணார்க்காட்டில் மச்சான் இதே சாம்பலை வாழைக்குப் போட்டு நல்ல தார் வெட்டுகிறார். நான் இரண்டு சாக்குச் சாம்பலை டிரம்மில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறை கத்திரிக்கு ஊற்றினேன். விரலில் தேய்த்தால் சோப்பு போல வழுக்குகிறது. மூன்றாம் வாரம் கொழுந்து இலைகள் வெளுத்துவிட்டன. நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவென்று அதே தண்ணீரில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்தேன். கண்ணில் நீர் வருமளவுக்கு நெடி!

பழைய தோட்டக்காரர்: என் பாட்டி அசுவினிப் பூச்சிக்குச் சாம்பலைத்தான் தூவுவார். செடி ஒன்றும் வெளுத்ததில்லை. இது வைரஸ் நோயாக இருக்கும்.

காரமண்: பாட்டி தூவியது ஒரு பிடி, ஐயா. இவர் ஊற்றியது இரண்டு சாக்கின் காரம். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடியிலைதான் மஞ்சளாகும். கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரம் ஏறியதும் வேருக்கு எட்டாமல் போய்விடுகிறது.

எரிக்கும்போதே தழைச்சத்து புகையோடு போய்விட்டது. சாம்பலில் தண்ணீருக்கு எளிதாகக் கரைந்து வருவது சாம்பல்சத்து (பொட்டாசியம்), அதுவும் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டாக. அந்த வழுக்கல் அதனால்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு பிணைந்து டிரம்மின் அடிச்சேற்றிலேயே தங்கிவிடும். அமில மண்தான் அதை மெல்லக் கரைக்கும். மச்சானுடையது செம்புறை மண், புளிப்பு மிக்கது. அங்கே சாம்பல் சுண்ணாம்பு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. உங்கள் நிலத்தில் வெள்ளைச் சுக்கான் (சுண்ணாம்பு) உருண்டைகள் இருக்கின்றனவா? காய்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறது, இனிச் சாம்பலே வேண்டாம்.

இப்போதைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அம்மோனியம் சல்பேட்டைத் தனியாக, மண்ணில் மூடிப் போடுங்கள். உங்கள் கண்ணைக் கரித்தது காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து; காரம் பட்டதும் அம்மோனியாவாகப் பறந்தது.

அரிசி ஆலைப் பக்கம்: எங்கள் ஆலையில் உமிச் சாம்பல் மலையாகக் கிடக்கிறது. இதையும் ஊறவைக்கலாமா?

காரமண்: உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சாம்பல்சத்துக்காக டிரம் வைப்பது வீண் வேலை.

வடகரப்பதி விவசாயி: வினிகர் விட்டேன், சோடா போலப் பொங்கியது. இரண்டு முறை தெளித்தாயிற்று. வெளுத்த இலைகள் அங்கங்கே திட்டாகத்தான் தேறின. புதிதாக விட்ட இரண்டு இலைகள் நல்ல பச்சை. சேற்றை உலர்த்திச் சாக்கில் கட்டியிருக்கிறேன். மச்சான் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார், வாழைத்தாருக்கு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.