மறு: லேட்டன்சிக்கு ஒரு சொல், நாளைக்குள்

எழுதியவர்: மேடைக்கட்டை

அன்புடையீர்,
கீபோர்டு வாசிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. கடைசியாக ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறேன்: லேட்டன்சி. கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் கழிகிற நேரம். தாமதம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே பக்கத்தில் டிலே வருகிறது. அது நாமே ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்ளும் எதிரொலி. இது கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்வது. இரண்டையும் தாமதம் என்றால் மாணவன் எந்தக் குமிழைத் திருப்புவான்?

இதில் பட்ட அனுபவமும் உண்டு. ஒரு நிகழ்ச்சியில் பியானோ ஒலியை மடிக்கணினியிலிருந்து எடுத்தேன். ஒலிச்சோதனையில் கடுகு பொரிவது போல் சத்தம். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 ஒலி மாதிரிகளிலிருந்து 1024க்கு ஏற்றினேன், பொரிச்சல் நின்றது. மாதிரி வீதம் விநாடிக்கு 48,000 என்றால் 1024க்கு 21 மில்லிவிநாடி ஆகும் என்பதை அப்போது யார் கணக்குப் பார்த்தார்கள்? பல்லவி முடிவதற்குள் டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். ஈடுகட்ட நான் முந்தி அழுத்தினேன். நான் ஓடுகிறேன் என்று நினைத்து அவரும் ஓடினார். பாட்டு புறப்பட்ட வேகம் ஒன்று, போய்ச் சேர்ந்த வேகம் வேறு.

எழுதியவர்: பழம்புலவன்

தாமதம் வடசொல். அதை விடுங்கள். வள்ளுவர் கையில் சொல் இருக்கிறது: ‘தாழ்ச்சியுள் தங்குதல் தீது’. குறள் 671. காலம் தாழ்த்தல் என்று இன்றும் சொல்கிறோம். தாழ்ச்சி என்றே வையுங்கள்.

எழுதியவர்: ஒலிக்கூடத்தான்

ஐயா, இந்தத் துறையில் இந்தச் சொல் தனியாக வருவதே குறைவு. ‘லோ லேட்டன்சி’ என்றுதான் பெட்டிமேல் எழுதியிருக்கும். ‘தாழ் தாழ்ச்சி’ என்று போட்டால் ஒலி அட்டையை யார் வாங்குவார்கள்?

எழுதியவர்: வேரகழ்வான்

லத்தீன் வேருக்கு மறைந்திருத்தல் என்று பொருள். பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் (லேட்டன்ட் ஹீட்) படித்தோமே, அதே வேர்தான். ஆகவே உள்ளுறை நேரம். தொல்காப்பியரின் உள்ளுறை உவமத்தையும் பாருங்கள்: சொல்லப்பட்டது ஒன்று, உணரப்படுவது சற்றுப் பின்னால் வரும் இன்னொன்று. கட்டை கருப்பொருள், ஒலி உரிப்பொருள் என்றே கொள்ளலாம். இறைச்சி என்னும் இன்னொரு வகைக் குறிப்புப் பொருளை இதிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பது வேறு கேள்வி. அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

எழுதியவர்: ஒலிக்கூடத்தான்

தனி மடலே எழுதுங்கள். ‘கருவியின் உள்ளுறையைக் குறை’ என்று கையேட்டில் கண்டால் நான் திருப்புளியைத் தேடுவேன்.

இன்னொன்று. பழி முழுதும் கணினிக்கு இல்லை. ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு 34 சென்டிமீட்டர்தான் போகிறது. மேடையில் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் ஒன்பது மில்லிவிநாடி அங்கேயே போய்விட்டது. கருவிகள் தமக்குள் சுரச் செய்தி அனுப்பிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையும் பழைய ஐந்து முள் கேபிளில் வரிசையில்தான் அனுப்பும். ஒரு சுரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிவிநாடி. பத்து விரலும் ஒன்றாக விழுந்தாலும் பத்தும் ஒன்றாகப் போய்ச் சேராது. சீராகப் பிந்தினால் கை பழகிக்கொள்ளும். குழல் ஆர்கன் வாசிப்பவர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஒரு சுரம் ஐந்து, அடுத்தது பதினைந்து என்று மாறி மாறிப் பிந்தினால்தான் மனிதன் கெட்டான். அதற்கும் ஒரு சொல் வேண்டும். இந்தக் குழுவில் கேட்கப் பயமாக இருக்கிறது.

என் வாக்கு சுணக்கத்துக்கு. வேலை சுணங்குகிறது என்றால் எல்லாருக்கும் புரியும்.

எழுதியவர்: பழம்புலவன்

சுணங்கு என்றால் சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியில் படரும் தேமல். கருவிக்குத் தேமலா?

நேரம் என்று பேச வந்தால் நம்மிடம் அளவே இருக்கிறது. கண்ணிமைப்பது ஒரு மாத்திரை. மகரக்குறுக்கம், அதாவது குறுகி ஒலிக்கும் ம், கால் மாத்திரை. ‘போன்ம்’ என்பதில் வருகிற மகரத்தைச் சொல்லிப் பாருங்கள்.

எழுதியவர்: மேடைக்கட்டை

சொல்லிப் பார்த்தேன் ஐயா. இமைப்பு நூறு மில்லிவிநாடி என்று குறைத்தே வைத்தாலும் கால் மாத்திரை 25. அன்று என் பியானோ பிந்தியது ஏறக்குறைய ஒரு மகரக்குறுக்கம். டிரம்ஸ்காரரிடம் சொல்ல ஆசைதான், அவர் அடிப்பார்.

எழுதியவர்: வழிப்போக்கன்

வடசொல்லையும் எழுத்து மாற்றி எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தவர்தான் தொல்காப்பியர். தாமதம் தமிழாகிப் பல காலம் ஆயிற்று. டிலேயை எதிரொலி என்று மாற்றிவிட்டு, தாமதத்தை இதற்கு விட்டால் என்ன?

எழுதியவர்: ஒலிக்கூடத்தான்

எதிரொலி எக்கோவுக்குப் போய்விட்டதே! அந்தக் குமிழும் அதே பக்கத்தில் இருக்கும்.

எழுதியவர்: மேடைக்கட்டை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். சுணக்கம் என்றே போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் ‘லேட்டன்சி எனப்படும் சுணக்கம்’, பிறகு வெறும் சுணக்கம். பெட்டியில் இருப்பது ‘குறைசுணக்கம்’. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று, உள்ளுறை ஒன்று, தாமதம் ஒன்று. பழம்புலவன் ஐயா பொறுத்தருள வேண்டும்.

எழுதியவர்: பழம்புலவன்

பொறுத்தேன், ஒப்பவில்லை. மறுபதிப்பில் பார்ப்போம். மிதித்தால் சுரம் நீளுமே, அந்த சஸ்டெயின் பெடலுக்கு என்ன வைத்தீர்கள்?

எழுதியவர்: மேடைக்கட்டை

கார்வை மிதி.

எழுதியவர்: வேரகழ்வான்

நில்லுங்கள். பாடுகிறவருக்குக் கார்வை என்றால் சுரத்தை நீட்டுவது. மிருதங்கக்காரருக்கோ சொற்களுக்கு நடுவே விடுகிற இடைவெளி. எந்தக் கார்வையை மிதிக்கிறீர்கள்?