போர் தண்ணீரில் செடித் தொட்டி: ஒருமுறை தோற்றுவிட்டேன், மறுபடி எப்படித் தொடங்குவது?

ஆவடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்து போகும்போது ஒரு மீன் தொட்டியை எங்களிடம் விட்டுப்போனார்கள். நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி. மகனுக்கு ஏழு வயது. அன்று மாலையே மீன் வேண்டும் என்று நின்றான். எட்டு மீன், ஒரு பை நீலக் கல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், பிளாஸ்டிக் செடி எல்லாம் வாங்கிவந்து, தண்ணீர் நிரப்பிய ஒரு மணி நேரத்தில் மீனை விட்டுவிட்டோம்.

நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் மருத்துவமனையில் செவிலியர், மூச்சுத் திணறலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். மூன்று நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் கொட்டி மாற்றினேன். அழுக்கு இருக்கக் கூடாது என்று ஃபில்டர் பஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். பதினோராம் நாள் கடைசி மீனும் போனது. மகன் அதை மொட்டைமாடித் துளசித் தொட்டியில் புதைத்தான்.

இந்த முறை உண்மையான செடி வைத்துத் தொடங்க ஆசை. செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கிற சிலிண்டர் எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது, ஷிஃப்ட் வேலையில் அதைக் கவனிக்கவும் முடியாது. எங்களுக்கு வருவது போர் தண்ணீர். ஆர்ஓ மெக்கானிக் அளந்தபோது டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 820 காட்டியது. குழாய் முனையெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. இந்தத் தண்ணீரில் செடி வருமா? அடியில் என்ன மண் போட வேண்டும்? இன்னொன்று, நாங்கள் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தளம் தாங்காது என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

கொரட்டூர்க்காரன்:

அக்கா, வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அந்த அளவுத் தொட்டி முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 56 லிட்டர். மண், கண்ணாடி எல்லாம் சேர்த்து எண்பது கிலோவுக்குள் அடங்கும். அவரே அந்த இடத்தில் நின்றால் என்ன எடையோ அதுதான். ஆனால் சுவர் ஓரமாக, ஆடாத மேசையில் வையுங்கள், கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் தாள் ஒன்று போடுங்கள். மேசை சமமாக இல்லாவிட்டால் ஒரு மூலையில் அழுத்தம் ஏறிக் கண்ணாடி விரிசல் விடும்.

மற்றதை வாத்தியார் ஐயா வந்து சொல்லுவார்.

விழுப்புரம் வாத்தியார்:

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மீன்களைக் கொன்றது அழுக்கு இல்லை, சுத்தம். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கிருமி நீக்குகிற மாதிரி அந்தப் பஞ்சைக் கிருமி நீக்கிவிட்டீர்கள். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பாதகமில்லை. இந்த பாக்டீரியா குடியிருப்பது பஞ்சிலும் மணலிலும்தான். அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஒரு மணி நேரம் கொடுத்தீர்கள், பிறகு வெந்நீரும் ஊற்றினீர்கள். போர் தண்ணீரில் காரத்தன்மையும் பெரும்பாலும் அதிகம்; காரம் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். முப்பத்தொரு வருடம் வேதியியல் பாடம் எடுத்த நானே முதல் தொட்டியில் இதே தப்பைச் செய்தேன், வெந்நீர் மட்டும் பாக்கி.

இப்போது உங்கள் தண்ணீர். எல்லாரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் இந்த மூன்று நீர்ச்செடிகளுக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரியும். இவற்றுக்கு சிலிண்டர் எதற்கு? என் வீட்டுப் போர் தண்ணீர் உங்களுடையதைவிட மோசம். வாலிஸ்நேரியா அதில் புல்வெளி மாதிரி படர்ந்து, மாதம் ஒருமுறை பிடுங்கி வாளியில் போடுகிறேன். படங்களில் தரையோடு பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஒன்று வருமே, அதைக் கடையில் காட்டி விற்பார்கள். வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சிலிண்டரும் பலத்த வெளிச்சமும் கேட்கிற ஜாதி.

மண்ணுக்கு, நர்சரியில் எரு கலக்காத வெறும் செம்மண் கேளுங்கள். கலவை மண் வேண்டாம், எரு அம்மோனியாவைக் கக்கும். சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு, ஓர் அங்குலம் பரப்புங்கள். அதற்குமேல் ஒன்றரை அங்குலம் நன்றாகக் கழுவிய ஆற்று மணல். எம்-சாண்ட் போடாதீர்கள், தூசும் கூர்மையும் அதிகம். மணல்மேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் சேறு கிளம்பாது. மண்ணைத் தடிமனாகப் போட்டால் உள்ளே காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி வரும். என் இரண்டாவது தொட்டி அப்படித்தான் போனது. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

விளக்கு பத்து வாட் எல்இடி போதும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். உங்கள் ஷிஃப்டுக்கு டைமர் கட்டாயம். ஜன்னல் வெயில் விழுகிற இடம் வேண்டாம், தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிடும்.

பாசிப்பிரியை:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். செம்மண் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முதல்முறை செய்கிறவர் செடியை இடம் மாற்றி மாற்றி நடுவார், ஒவ்வொரு முறையும் சேறு கிளம்பும். அதிலும் வீட்டில் ஏழு வயதுப் பையன். வெறும் மணலே போதும் என்பேன். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற இரண்டு செடிகளையும் ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். தண்டு மணலுக்குள் புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். ஹார்ன்வோர்ட்டை நடவே வேண்டாம், மிதக்க விடுங்கள். வாலிஸ்நேரியாவுக்கு மட்டும் வேர் பக்கத்தில் உர மாத்திரை ஒன்று.

கிரிப்டோகோரைன் செடி வாங்கினால் முதல் இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோகும். பயந்து பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து புது இலை வரும். நான் எறிந்தேன். இரண்டு தடவை.

ஆவடி அம்மா:

அனைவருக்கும் நன்றி. வெந்நீர் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மண்ணைப் பற்றி இரண்டு பேரும் இரண்டு சொல்கிறீர்கள், மகனை நினைத்து பாசிப்பிரியை சொன்னபடி வெறும் மணலே போடுகிறேன். ஐயா மன்னிக்க வேண்டும். சமையலறை ஆர்ஓவில் கழிவாக வெளியேறும் தண்ணீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தலாமா? வீணாகத்தானே போகிறது. வெயில் காலத்தில் என்ன செய்வது? எந்த மீன்? கடையில் 'டேங்க் கிளீனர்' என்று ஒரு கறுப்பு மீன் கொடுத்திருந்தார்கள், அதுவும் வேண்டுமா?

விழுப்புரம் வாத்தியார்:

மன்னிப்பு எதற்கு? தொட்டி உங்களுடையது. ஆனால் ஆறு மாதம் கழித்து வாலிஸ்நேரியா வெளுத்தால் செம்மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்ஓ கழிவு நீர் வேண்டவே வேண்டாம், 820ஐ விட அதில் உப்பு இன்னும் கூடுதல். வீடு துடையுங்கள். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுசெய்ய மட்டும் ஆர்ஓவின் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே வரும். வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றும்போது போர் தண்ணீர் சரி. பஞ்சை அப்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். எப்போதாவது மெட்ரோ தண்ணீர் பிடித்தால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

மே மாதம் சின்ன மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசும்படி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

மீனுக்குக் கப்பி அல்லது மோலி. இரண்டும் கடினநீருக்குப் பழகியவை. நியான் டெட்ரா அழகுதான், உங்கள் தண்ணீருக்கு ஆகாது. கோல்ட் ஃபிஷ் செடியைப் பிடுங்கித் தின்னும். அந்த 'டேங்க் கிளீனர்' தென் அமெரிக்க மீன், ஓரடிக்கு மேல் வளரும். உங்கள் தொட்டியின் அகலமே ஓரடிதான். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அது அங்கே பெருகி நாட்டு மீனுக்கு எமனாகிறது.

கொரட்டூர்க்காரன்:

அக்கா, என் தொட்டியில் ஒரு வருடமாக ஓடுகிற பஞ்சு ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதை உங்கள் தொட்டியில் போட்டால் காத்திருக்கும் காலம் பாதியாகக் குறையலாம். ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் தருகிறேன். தனிச் செய்தி அனுப்புங்கள். கொதிக்க வைக்கமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும்.

ஆவடி அம்மா:

ஐந்து வாரம் ஆகிறது, அதனால் எழுதுகிறேன். தம்பி தந்த பஞ்சு ஓடுகிறது, வெந்நீர் படவில்லை. மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டேன், அது அழுகித்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு என்றார்கள். வாலிஸ்நேரியாவின் பழைய இலைகள் கரைந்துவிட்டன, ஆனால் மணலுக்குள் கொடி ஓடி மூன்று குட்டிச் செடிகள் முளைத்திருக்கின்றன. அனுபியாஸ் அப்படியே நிற்கிறது, வளர்கிறதா என்றே தெரியவில்லை. அம்மோனியா சோதனையில் பத்து நாளாகப் பூஜ்யம். நைட்ரைட் மட்டும் போன வாரம் லேசாக இளஞ்சிவப்புக் காட்டியது, நேற்று அதுவும் இல்லை.

செடியோடு நத்தைகள் வந்துவிட்டன. மகன் பதினேழு எண்ணியிருக்கிறான், நாலுக்குப் பெயரும் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுப்பு. நாலு கப்பி மட்டும் வாங்கப் போகிறோம். எட்டு வேண்டும் என்று அவன் அழுதான், கொடுக்கவில்லை.