1 கிகாபிட் சுவிட்சில மொடல் ட்ரெயினிங் இழுபடுது, தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில நாலு மெஷின், ஆளுக்கொரு ஜிபியு, பைடார்ச் டிடிபி (ஒவ்வொரு ஜிபியுவிலயும் மொடலின்ர ஒரு கொப்பியை வைச்சு ஒண்டா ட்ரெயின் பண்ணுற முறை). 11 கோடி பராமீட்டர் மொடல். 32 பிட்டில கிரேடியன்ட் (பராமீட்டரை எந்தப் பக்கம் எவ்வளவு மாத்தவேணும் எண்டு சொல்லுற எண்கள்) 440 எம்பி. ரிங் ஆல்-ரெடியூஸில (மெஷினுகள் வளையமா கிரேடியன்டைக் கைமாத்திக் கூட்டுற முறை) ஒவ்வொரு மெஷினும் அதில ஒன்றரை மடங்கு, 660 எம்பி அனுப்பவேணும். செக்கனுக்கு 125 எம்பிதான் போகும் எண்டால், ஒரு ஸ்டெப்புக்கு 5 செக்கனுக்கு மேல வயரிலயே போகுது. ஜிபியு சும்மா பாத்துக்கொண்டிருக்கு.

கிரேடியன்டை 16 பிட்டாச் சுருக்கி அனுப்புற கம்ப்ரெஷன் ஹூக், 8 ஸ்டெப்பு கிரேடியன்டைச் சேத்து வைச்சு ஒருக்கா சிங்க், ரெண்டும் போட்டாச்சு.

பவர்எஸ்ஜிடியை (கிரேடியன்டைச் சின்ன மட்ரிக்ஸ்களாச் சுருக்கி அனுப்புற முறை; ரேங்க் குறையக் குறைய சுருக்கம் கூட) ரேங்க் 1 இலயோ 2 இலயோ பாவிச்ச ஆக்கள் இருக்கிறியளோ? லொஸ் (மொடலின்ர பிழை அளவு) குறையிறது எவ்வளவு பின்தங்கும்? இல்லாட்டி லோக்கல் எஸ்ஜிடி (ஒவ்வொரு மெஷினும் தனியக் கொஞ்ச ஸ்டெப் ஓடி, பிறகு பராமீட்டர்களைச் சராசரி எடுக்கிற முறை) நல்லமோ? பழைய 10 கிகாபிட் கார்ட் இங்க எங்க எடுக்கலாம் எண்டும் சொல்லுங்கோ.