கண்டன்சரைப் பெரிதாக்கியதும் உறுமல் கூடிவிட்டது

தையற்கடை:
கும்பகோணத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். பாட்டுக் கேட்க மலிவாக வாங்கிய மோனோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. உள்ளே சத்தத்தைப் பெருக்கும் டிடிஏ 2030 ஐசி, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்க நான்கு டையோடு, அதைச் சீராக்க 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர், அவ்வளவுதான். மிஷின் ஓடும்போது தெரியாது. பித்தான் தைக்க உட்கார்ந்தால் 'ம்ம்ம்' என்று உறுமும். வால்யூமைப் பூச்சியத்தில் வைத்தாலும் நிற்காது. ஃபில்டர் போதவில்லை என்று 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டன்சர் போட்டேன். இப்போது 'ர்ர்ர்' என்று அறுக்கிறது! பிளஸ், மைனஸ் சரியாகத்தான் இருக்கிறது. மீட்டரில் 16.5 வோல்ட் காட்டுகிறது.

ஈயப்பொடி:
10,000 போட்டுப் பாருங்கள் அண்ணா. எனக்குச் சரியானது.

பழையவால்வு:
வேண்டாம் தம்பி, காசு வீண். பாட்டு இல்லாதபோது அந்த ஐசி இழுப்பது சுமார் 50 மில்லி ஆம்பியர். அதற்கு 1000 மைக்ரோஃபாரடிலேயே அரை வோல்ட் அளவுதான் ஏற்ற இறக்கம் வரும். அதை ஐசியே பெரும்பாலும் அமுக்கிவிடும். சந்தேகம் கிரவுண்டு ஒயர்மேல், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ் ஒயர்மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டன்சரின் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரை அரை நிமிடம் பிடி, தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பிறகு வால்யூம் கன்ட்ரோலிலிருந்து ஐசி போர்டுக்கு வரும் ஒயர்களைக் கழற்றி, போர்டின் இன்புட் புள்ளியையும் அதன் பக்கத்துக் கிரவுண்டையும் சிறு கம்பியால் சேர்த்துப் போட்டுப் பார். சத்தம் அடங்கினால் ஐசி நிரபராதி.

தையற்கடை:
அடங்கிவிட்டது ஐயா! ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் லேசாக 'ஸ்ஸ்'. வால்யூம் கன்ட்ரோலின் கறுப்பு ஒயர் ஐசி போர்டுக்கே போகவில்லை. டையோடுகளின் மைனஸ் முனையில் பற்றவைத்திருக்கிறார்கள்.

பழையவால்வு:
ஒரு சாண் ஒயரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். டையோடுக்கும் கண்டன்சருக்கும் நடுவே உள்ள துண்டில் மின்சாரம் சீராக ஓடாது. நொடிக்கு 100 முறை குப்பென்று பாயும். அந்தத் துண்டில் எழும் சில மில்லி வோல்ட்டையும் ஐசி பாட்டு என்றே எண்ணி முப்பது மடங்கு பெருக்கித் தருகிறது. கண்டன்சர் பெரிதானால் பாய்ச்சலின் நேரம் குறையும், உச்சம் கூடும். 'ம்ம்ம்' 'ர்ர்ர்' ஆனது அதனால்தான். கறுப்பு ஒயரைப் பிடுங்கி, ஐசி போர்டில் இன்புட்டுக்குப் பக்கத்துக் கிரவுண்டில் வை. 4700 இருக்கட்டும், சத்தமாகக் கேட்கும்போது உதவும்.

தையற்கடை:
மாற்றினேன். தொண்ணூறு சதவீதம் போய்விட்டது. ஐசியின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் மீதி உறுமல் மாறுகிறதே?

பழையவால்வு:
அது பெட்டியின் தகரத்தில் உரசுகிறது. ஒற்றை சப்ளையில் அந்த ஐசியின் முதுகு கிரவுண்டுதான். தகரம் வழியாக இன்னொரு பாதை உண்டாகிவிட்டது. மின்சாரம் கடக்காதபடி ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்காத் தகடு, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போடு. மைக்காவின் இரு பக்கமும் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவ மறக்காதே.

தையற்கடை:
மைக்கா நான்கு ரூபாய், பசை இருபது. நேற்று ரவிக்கை வாங்க வந்த அம்மாள், "பெட்டி ரிப்பேரா, சத்தத்தையே காணோமே?" என்றார். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருந்த இடைவெளி அது.