விடுகைப் பத்திரம் கையில், சேர இடம் இல்லை

உயர்தரத்துக்குக் கல்லூரி மாறியவர்களும் மாறப் பார்த்தவர்களும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்தால் போதும், வருடா வருடம் நாலைந்து பெற்றோராவது என்னிடம் இதைக் கேட்டு வருவார்கள். வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

நான் படுவான்கரைப் பிள்ளை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். மண்டூருக்கு அங்கால் ஒரு கிராமம். 2011இல் எங்கள் பகுதிப் பாடசாலையிலேயே கணிதப் பிரிவில் சேர்ந்தேன். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளையும் கூட்டி வகுப்பில் ஒன்பது பேர். பௌதிகவியலுக்குக் கிழமையில் இரண்டு நாள் வேறு பாடசாலையிலிருந்து ஒருவர் வருவார். இரசாயனவியல் சேர் எழுவான்கரைக்காரர், வாவிக்குக் கிழக்குப் பக்கம். குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி, வாவியைக் கடந்து, மண்டூரில் இறங்கி வருவார். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. மாரியில் காற்று எழும்பினால் பாதை ஓடாது. அன்றைக்கு எங்களுக்கு இரசாயனவியலும் இல்லை.

மூன்று மாதம் போனது. என்னோடு சாதாரண தரம் எடுத்த ஒருத்தி மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கோயில் திருவிழாவுக்கு வந்தபோது தன் கொப்பியைக் காட்டினாள். நாங்கள் தொடங்கவே இல்லாத இரண்டு அலகுகள் அதில் முடிந்திருந்தன. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. விடிந்ததும் அப்பாவிடம் அழுதேன். அவர் வயல் வேலையை விட்டுவிட்டு அந்தக் கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்.

அந்தக் கல்லூரியில் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இடம் வந்தா பாப்பம்" என்றார்கள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, "கிடைக்கும் எண்டுதானே சொல்றாங்க, நாளைக்கே விடுகைப் பத்திரத்த எடுத்திருவம்" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது. ஆசைப்பட்ட காதுக்கு 'பாப்பம்' என்பது 'வாங்க' என்றுதான் விழும்.

மறுநாள் அதிபர் அறையில் நடந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எழுதுவினைஞர் அக்கா பெரிய சேர்வு இடாப்பைத் தூக்கி மேசையில் வைத்தார். முதலாம் வகுப்பில் அப்பா என்னைச் சேர்த்தபோது எழுதிய வரி. மை மங்கியிருந்தது. என் சேர்விலக்கத்தை விரலால் தேடிப் பிடித்து, அடிமட்டம் வைத்து, சிவப்பு மையால் ஒரு கோடு. பக்கத்தில் விலகிய திகதி. அதிபர் கையெழுத்து வைக்க முன் என்னைப் பார்த்து, "அங்க இடம் தந்ததுக்குக் கடிதம் இருக்கா புள்ள?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன் அப்பா "ஓம் சேர், சரி" என்றுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

நகரத்துக் கல்லூரியில் வகுப்பு நிரம்பிவிட்டது என்றும், அடுத்த தவணை வரச் சொல்லியும் பதில் வந்தது. பழைய பாடசாலையில் பெயர் வெட்டியாயிற்று. போய் மீண்டும் சேர்க்கச் சொல்லிக் கேட்க அப்பாவுக்கு முகம் இல்லை. அப்பா அலுவலகங்களுக்கு அலைந்துகொண்டிருக்க, ஏழு கிழமை நான் வீட்டில் இருந்தேன். காலையில் சீருடையோடு ஒழுங்கையில் போகும் பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்கக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத 80 சதவீத வரவு வேண்டும். அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் கலண்டரில் போட்டுப் பார்ப்பேன்.

கடைசியில் இடம் கிடைத்தது. கல்லடியில் சித்தி வீட்டில் தங்கினேன். புதிய சேர்விலக்கம், புதிய கழுத்துப் பட்டி. ஆனால் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை அங்கே போய்த்தான் கண்டுகொண்டேன். தோழியின் கொப்பியில் இருந்த அந்த இரண்டு அலகுகளும் கல்லூரியில் படிப்பித்தவை அல்ல, ரியூசனில் முடித்தவை. நகரத்தில் எந்தக் கல்லூரிப் பிள்ளையானாலும் பின்னேரம் ஒரே ரியூசன் மண்டபத்து வாங்கில்தான் இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது பின்னேர வகுப்பு. அதற்குப் பாடசாலையை விட வேண்டியிருக்கவில்லை. சனி ஞாயிறு பாதை ஏறி, களுவாஞ்சிக்குடிக்குப் போய் வந்திருந்தாலே பாதிக்கு மேல் சமாளித்திருக்கலாம். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்த வகுப்பில், விளங்காத இடத்தில் கையை உயர்த்த எனக்குத் துணிவு வரவே இல்லை. ஒன்பது பேரோடு இருந்தபோது மூலைப் பலகையில் சோக்கட்டியால் நானே கணக்குச் செய்து காட்டியவள் நான்.

முதல் தடவை சரிவரவில்லை. இரண்டாம் தடவை எழுதி வந்தாறுமூலைக்கு, கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போனேன். இப்போது ஆசிரியை. அதனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. நான் விலகிய பிறகு இன்னும் இரண்டு பேர் விலகினார்கள். "அவளே போயிற்றாள்" என்ற பேச்சுத்தான். ஆறு பேருக்காக ஆசிரியர்களை வைத்திருக்க முடியாது என்று, அடுத்த வருடம் கணிதப் பிரிவுக்குப் புதிதாகப் பிள்ளைகளை எடுக்கவில்லை. இரசாயனவியல் சேர் எழுவான்கரைக்கே மாற்றம் எடுத்துக்கொண்டார். பல வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் அவரைக் கண்டேன். என்னைக் குறை சொல்லவில்லை. "அந்த நேரம் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, சனிக்கிழமையும் வந்திருப்பன் புள்ள" என்றார். நான் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே போனவள்.

ஆகவே என்னிடம் வரும் பெற்றோரிடம் முதலில் விடுகைப் பத்திரத்தைத் தொடவேண்டாம் என்பேன். சேர்த்துக்கொள்வதாக அதிபரின் கையெழுத்தோடு கடிதம் வரட்டும். போகிற இடத்தில் மூன்று பாடத்தையும் யார் படிப்பிக்கிறார்கள், எந்த அலகில் நிற்கிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகளிடமே கேளுங்கள். கட்டாயம் மாறத்தான் வேண்டுமென்றால் வகுப்புத் தொடங்க முன் மாறுங்கள். இருக்கிற ஆசிரியரிடம் ஒரு முறை மனம்விட்டுப் பேசுங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

•

மேலே எழுதிய தங்கைக்கு, நான் பெரியநீலாவணையிலிருந்து ஒரு தகப்பன். எங்கள் பிரச்சினை கொஞ்சம் வேறு.

எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் வட எல்லை. சில நிமிடம் பஸ்ஸில் போனால் துறைநீலாவணைச் சந்தி, அது மட்டக்களப்பு மாவட்டம். அங்கால் சம்பந்தம் செய்கிறோம், இங்கால் சந்தைக்கு வருகிறோம். எல்லை என்று ஒன்று இருப்பதே நினைவில் வராது. மகளைச் சாதாரண தரம் வரை கல்முனையில் படிப்பித்துவிட்டு, உயிரியலுக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று மட்டக்களப்புப் பக்கம் மாற்றினேன். படிப்பில் ஒரு குறையும் இல்லை.

பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில்தான் தலை சுற்றியது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில் எடுக்கிறார்கள், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிகுதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரு பிள்ளை எந்த மாவட்டம் என்பதை உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலைகளை வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டு முகவரி போதும் என்று நான் நினைத்திருந்தேன். மகளின் மூன்று வருடம் இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. இரண்டு அதிபரிடமும் உறுதிப்படுத்தல், கிராம உத்தியோகத்தர் சான்று, விடுகைப் பத்திரப் பிரதி என்று ஓடித்திரிந்தேன். பைல் கவர் வியர்வையில் நனைந்தே கிழிந்தது. மகள் ஒரு நாள், "அப்பா, நான் வெட்டுப்புள்ளியத் தாண்டினாலும் எந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளி எண்டு தெரியாதே" என்றாள். பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

இடம் கிடைத்துவிட்டது, இறைவன் புண்ணியம். ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூல் கல்லூரி மாற்ற முதலே என் கையில் இருந்திருக்க வேண்டும். கல்முனை, காரைதீவுப் பக்கம் இருந்து மட்டக்களப்புக்கு மாற்ற நினைப்பவர்கள், பத்தாம் பதினோராம் வகுப்பிலேயே அந்தப் பகுதியை வாசித்துவிடுங்கள்.

•

நான் ஏறாவூர்ப்பற்றுப் பொடியன். நான் மாறப் பார்த்தது பல்கலைக்கழகம். எனக்கு மாத்தறையில் றுகுணுப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வந்தாறுமூலை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. பதிவு செய்த கிழமையே கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினேன்.

பதில் வரும் வரை விடுதியில் சூட்கேஸைத் திறந்து அடுக்கவில்லை. தேவையான சேட்டை மட்டும் எடுத்து, மற்றதை அப்படியே பூட்டி வைப்பேன். அறைத் தோழர்கள் இருவரும் சிங்களவர்கள். நான் போகிறவன்தானே என்று பேச்சை வளர்க்கவில்லை. முதல் பருவம் முழுக்க விரிவுரைக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். இரண்டு பாடம் தவறியது. மாற்றம் இல்லை என்று கடிதம் வந்த அன்று, ஒரு அறைத் தோழன் எதுவும் கேட்காமல் என் கட்டிலடியில் இருந்த சூட்கேஸை இழுத்து வெளியே வைத்தான். தன் அலுமாரியில் ஒரு தட்டை வெறுமையாக்கினான்.

அம்மா கட்டித் தந்த எள்ளுருண்டை அதற்குள் இருந்தது. எனக்கு மறந்தே போயிருந்தது. பூஞ்சணம் பிடித்திருந்தது.