அப்டேட்: பாத்ரூம் ஹீட்டர் லைனை நானே இழுக்கலாமா எண்டு கேட்டனே

போன மாசம் கேட்டிருந்தன், வெள்ளவத்தை வீட்டில ஷவர் ஹீட்டருக்கு பக்கத்து ரூம் பிளக்கில இருந்து நானே வயர் இழுக்கலாமா எண்டு. பாதிப்பேர் "சின்ன வேலைதானே மச்சான்", மிச்சப்பேர் ஏசினீங்கள். ஏசின ஆக்கள்தான் சரி.

ஹீட்டர் 3500 வாட்ஸ். எங்கட 230 வோல்ட்டுக்கு கணக்குப் பாத்தா 15 ஆம்பியருக்கு மேல போகுது, நான் எடுக்க நினைச்சதோ 13 ஆம்பியர் பிளக், அதை யோசிக்கவே இல்ல. பிறகு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின்ர (கரண்ட் துறையை மேற்பார்வை செய்யிற அரச அமைப்பு) லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரீசியன் பாஸைக் கூப்பிட்டம், என்விகியூ எண்ட தொழில் தகைமை சேர்ட்டிபிகேட்டும் காட்டினார் (கேட்க எனக்குத்தான் கூச்சமா இருந்தது, மனுசன் சந்தோசப்பட்டார்).

வந்தவர் ஹீட்டரைப் பாக்கவே இல்ல, நேரா, கரண்ட் லீக்கானா தானா ஓஃப் ஆகிற ட்ரிப் சுவிட்சுக்குப் போய் டெஸ்ட் பட்டனை அமத்தினார், அது அசையவே இல்ல. 30 மில்லி ஆம்பியர் லீக்குக்கே விழவேண்டிய சாமான், எத்தனை வருசமா சும்மா தொங்கிச்சோ தெரியாது. பாத்ரூம் பக்கம் எர்த்தும் இல்ல, பழைய சிவப்பு கறுப்பு வயர் ரெண்டு மட்டும்தான். முதல் வயரிங் செய்தவரை என்னத்தச் சொல்ல.

இப்ப ட்ரிப் சுவிட்ச் புதுசு, ஹீட்டருக்கு எர்த்தோட தனி லைன், தனி பிரேக்கர். மீட்டர் சீலை உடைச்சு மெயினை ஓஃப் பண்ணச் சொன்ன அண்ணைக்கு, அது சட்டப்படி குற்றம் அண்ணை, பாஸே அதில கை வைக்கேல்ல.

பல்ப் மட்டும் இனியும் நான்தான் மாத்துவன்.