ஐபிஎஸ் வயிறும் மெடிக்கல் மாத்திரையும்: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு ஐபிஎஸ் (IBS), அதாவது தொற்று எதுவும் இல்லாமலே வலி, பேதி, மலச்சிக்கல் என்று படுத்தும் குடல் கோளாறு. அதில் பேதி வகை. காலையில் டீ குடித்த கையோடு ஒரு முறை, குளித்ததும் ஒரு முறை, செருப்பு மாட்டிய பிறகு இன்னொரு முறை. மெடிக்கலில் போய் "லூஸ் மோஷன்" என்றாலே போதும், எங்கள் தெருக் கடைக்காரர் ஓஃப்ளாக்ஸாசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையைக் கத்தரித்து நீட்டிவிடுவார். அது கிருமித் தொற்றுக்கான மருந்து. தொற்றே இல்லாத வயிற்றுக்கு எதற்கு? வாயெல்லாம் கசந்ததுதான் மிச்சம்.

இப்போது பையில் இருப்பது லோப்பரமைடு 2 மி.கி. குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நீண்ட பஸ் பயணம், கல்யாண வீடு என்றால் கிளம்பும் முன்பே ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஆனால் வலியையும் உப்புசத்தையும் அது தொடாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கிட்டவே போகக் கூடாது. நிற்கவில்லையே என்று மேலே மேலே போடவும் கூடாது, அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தடுமாறும். 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது.

*

எனக்கு நேர்மாறு, மலச்சிக்கல் வகை. பைசகோடைல் போட்டால் காலையில் போகும், ஆனால் அதற்கு முன் வயிற்றை முறுக்கி எடுத்துவிடும். இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடிதான் ஒத்துக்கொண்டது. தண்ணீரில் கலக்கியதும் மடமடவென்று குடித்துவிட வேண்டும். டம்ளரை வைத்துவிட்டு போனில் பேசினால் ஜவ்வரிசிக் கஞ்சியாகிவிடும், அப்புறம் தொண்டையில் இறங்காது. பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். ஆரம்பத்தில் வயிறு உப்பிக்கொள்ளும், அதனால் அரை ஸ்பூனில் தொடங்குங்கள். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். நீரை உறிஞ்சி மலத்தைக் கட்டுவதால் பேதிக்காரர்களுக்கும் ஆகும் சார். நார்ச்சத்து என்று கோதுமைத் தவிட்டைத் தின்றால் வாயுதான் கூடும்.

*

எனக்கு வலிதான் பிரச்சினை. டைசைக்ளோமின் கேட்கும், ஆனால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும், எழுத்தும் மங்கும். கண் அழுத்த நோய் இருப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூல் பரவாயில்லை. கடிக்காமல் அப்படியே விழுங்க வேண்டும், உறை குடலுக்குப் போய்த்தான் கரையணும். வழியிலேயே கரைந்தால் நெஞ்செரிச்சல். அதனால்தான் அமிலத்தைக் குறைத்து உறையை முன்னாடியே கரைத்துவிடும் ஜெலுசில் வகையறாவோடு சேர்த்துப் போட வேண்டாம் என்கிறார்கள்.

அப்புறம், முதலில் எழுதிய சாருக்கு: கல்யாண வீட்டுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போவது சரி, பந்தியில் பூண்டு ரசத்தையும் வெங்காயப் பச்சடியையும் விட்டுப் பாருங்கள். எனக்கு மாத்திரைச் செலவு குறைந்தது அதில்தான்.